சாமுண்டீஸ்வரியின் பொது டைரக்டரி

கம்ப்யூட்டரில் நின்றுகொண்டேதான் தட்டுகிறாள். நாற்காலி பின்னால் சும்மா கிடக்கிறது. நாலு வரி தட்டுவாள், ஜன்னல் வரை போவாள், அம்பத்தூர் எஸ்டேட்டின் லாரிகளை முறைத்துவிட்டுத் திரும்புவாள், தட்டியதில் பாதியை அழிப்பாள். "இது இங்க கீறதே தப்பு" என்று முணுமுணுப்பு வேறு.

சாமுண்டீஸ்வரிக்கு முப்பது ஆகப்போகிறது. வீடு மேனாம்பேட்டில். அப்பா வீராசாமி பாடி ஏரியாவில் லேத் ஓட்டுகிறவர். கம்ப்யூட்டர் செய்யும் சின்னக் கம்பெனியில் மகளுக்கு வேலை. ஆனால் எந்தப் பெட்டியையும் அவள் செய்வதில்லை என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "இன்னாதான் பண்றே அங்க?" என்று கேட்டால், "ரூம் பிரிக்கிறேன்பா" என்பாள்.

பொய்யில்லை. கம்பெனியின் பழைய மெஷினில் ஓடும் யூனிக்ஸை, மெஷினையே இயக்குகிற அந்தப் பெரிய புரோகிராமை, புது மெஷினிலும் ஓடவைக்க வேண்டும். அதில் பெரும்பகுதிக்கு அடியில் எந்த மெஷின் என்ற கவலையே கிடையாது. டிஸ்க், மெமரி, கடிகாரம் என்று இரும்பைத் தொடுகிற சில பகுதிகளுக்குத்தான் மெஷினின் ஜாதகம் தெரிந்தாக வேண்டும். முன்பிருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே டைரக்டரியில், அதாவது ஒரே அறையில், கொட்டி, 'பழசா, இப்படிச் செய். புதுசா, அப்படிச் செய்' என்று வரிக்கு வரி ஒட்டுப்போட்டிருந்தார்கள். சாம்பாரும் பாயசமும் ஒரே அண்டாவில்! அவள் பிரித்தாள். எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு டைரக்டரி, பழசுக்குத் தனியாக ஒன்று, புதுசுக்கு ஒன்று. நாளைக்கு மூன்றாவது வந்தால் இன்னொன்று திறந்தால் போதும். பொதுவில் எந்த மெஷினின் பெயரும் கண்ணில் படக் கூடாது, அது அவள் போட்ட சட்டம்.

புது மெஷினுக்குள் சிப்புகளைத் தாங்கும் போர்டைச் செய்தவர் பூந்தமல்லி அன்வர் பாஷா. "இன்னாம்மா, நேத்து அந்த ரூம்ல வச்சே, இன்னிக்கு இந்த ரூமா? வாடகைக்குக் கீறவன்கூட இத்தினி வாட்டி ஊடு மாத்த மாட்டான்!"

"நீங்க பாட்டுக்கு போர்டை மாத்திகினே இருந்தா நான் இன்னா பாய் பண்றது?"

சுபாவம் அப்படி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் ரெண்டு ஸ்டாப்புக்குள் எழுந்துவிடுவாள். டீ ஆறும்வரை பொறுத்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் குடித்த நாள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், விருந்தாளி என்பதை மறந்து, பரிமாறுகிறவர்களிடம் போய் வாளிகளின் வரிசையை மாற்றிவிட்டு வருவாள்.

முதலாளி மணவாளனுக்கு இந்தப் பிரிப்பே எரிச்சல். "சும்மா இருக்கிற சங்கை ஏம்மா ஊதிக் கெடுக்கறே? மொத்தத்தையும் ஒரு காப்பி எடு, புதுசுக்கு ஏத்தாப்ல மாத்து, முடிஞ்சுது." அப்படிச் செய்தால் ஒவ்வொரு கோளாறையும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், என்றைக்காவது ஒன்று விட்டுப்போகும். மன்றாடிப் பார்த்தாள். கடைசியில் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழமை வாங்கறவங்க வராங்க. ஒரு பிசகு வந்துச்சு, உன் டைரக்டரியெல்லாம் குப்பைக்கு. அப்புறம் காப்பிதான்." மழைக்காலம் முழுக்கப் பிரித்த வேலை. அவளுக்கு அழுகையே வந்தது.

திங்கட்கிழமை மெஷின் எழுந்தது. ஒரு முக்கல் முனகல் இல்லை. வாங்க வந்த இராமகிருஷ்ணன் ஒரு தொழிற்சாலையின் அதிகாரி; ஷிப்டுக்கு வருகிறவர்களின் நேரத்தைப் பதிய அவருக்கு மெஷின் வேண்டும். தலையாட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே வேன்ல ஏத்திடலாமே" என்றார். மணவாளனின் வாயெல்லாம் பல். காபி வந்தது.

அவளுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. மெஷினிடம் மணி கேட்டாள். அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி கேட்டாள். மெஷினின் நேரம் அவள் கைக்கடிகாரத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது!

"பாய், கடிகாரத்துக்குத் துடிப்பு குடுக்கிற கிரிஸ்டலை மாத்துனீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆமா, வேகமா துடிக்கிறது போட்டேன். சிப்பு அதேதான். ஏன்?"

சிப்பு அதேதான். இரண்டு மெஷினிலும் ஒரே சிப்பு என்பதை நம்பித்தான், இரும்பைத் தொடுகிற கடிகாரப் புரோகிராமையும் பொதுவில் வைத்தாள். நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற எண் அதற்குள்ளேயே இருந்தது, பழைய மெஷினின் எண். பெயரைத் தேடித் தேடித் துரத்தியவள் ஒரு எண்ணைக் கோட்டைவிட்டாள். போர்டின் மேல் பழி போட வழியில்லை, பிசகு அவளுடைய டைரக்டரியில்தான்.

விஷயம் புரிந்ததும் அன்வர் பாஷா அவள் காதருகே குனிந்தார். "கம்முனு இரு. சொன்னா உன் வேலை அத்தினியும் குப்பைக்குப் பூடும். அப்பாலிக்கா அங்க போயி சரி பண்ணிக்கலாம்."

அப்பாலிக்கா என்றால் எப்போது? அதுவரை தொழிற்சாலைக்கு நேரத்தோடு வந்தவனெல்லாம் மெஷின் கணக்கில் லேட். மணவாளனைப் பார்த்தாள்; அவர் இராமகிருஷ்ணனுக்குச் சர்க்கரை போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒருமுறை மணி கேட்டாள். திரையில் நேரம் வந்து நின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். இராமகிருஷ்ணனுக்கும் மெஷினுக்கும் நடுவே புகுந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி, அதைத் திரையின் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள்.