தாடிக்காரர் விஸ்கி

போன கிழமை பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்த விஸ்கிப் போத்தலைக் கண்டேன். லேபிளில் எப்போதும் இருக்கும் தாடிக்காரரின் படத்தைக் காணவில்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு தங்கநிறக் கோடு மட்டும் ஓடியது. மீன்பை ஒழுக, சனம் இடித்துக்கொண்டு போக, அங்கேயே நின்றுவிட்டேன். நான் விஸ்கி குடிப்பவன் இல்லை. ஒரேயொரு தடவை குடித்தபோது, எரிந்த பலகையை ஊறவைத்த தண்ணீர் போலிருந்தது. ஆனாலும் அந்த விஸ்கிக் குடும்பத்தின் கதை எனக்கு என் குடும்பக் கதையைவிட ஒழுங்காகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மனைவி ஜெயராணியும் லிபெர்த்தாத் தெருவில் சின்யோர் சால்வோ வீட்டில் வேலை செய்தோம். அவள் சமையல். மிச்சமெல்லாம் நான். சின்யோர்தான் அந்த விஸ்கிக்குச் சிசிலி முழுவதற்கும் ஏஜென்ட். அவருடைய அறை அலுமாரியைத் திறந்தால் தக்கையும் பழைய மரமும் கலந்த மணம் வரும். மணம் வந்தால் கதையும் வரும். ஸ்கொட்லாந்தில் ஏதோ சின்ன ஊரில் தாடிக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தாராம். பீப்பாவுக்குப் பீப்பா ருசி மாறுகிறது என்று வாடிக்கையாளர்கள் முறைப்பட, கடையின் பின்னறையில் பலவிதமான விஸ்கிகளைக் கலந்து கலந்து, எப்போதும் ஒரே ருசி வரும் ஒரு கலவையைப் பிடித்தார். அளவுகளை எழுதிய கொப்பி மகனுக்கும் பேரனுக்கும் போனது. வெளியார் ஒருவரும் அதைத் திறந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்தப் பேரன் பலெர்மோவுக்கு வந்து, சின்யோரின் தகப்பனுக்குக் கைகொடுத்து ஏஜென்சியைக் கொடுத்தான். ஒப்பந்தத் தாள்கூட இல்லையாம். இதைச் சொல்லும்போது சின்யோர் தன் வலக்கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பேரனின் மகன் இயன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். சின்யோருக்கு ஆங்கிலம் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் தந்த என் ஆங்கிலத்தை நம்பி, என்னைக் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரவல் கழுத்துப்பட்டி இறுக்க, நானும் பெரிய மனிசன் போல நின்றேன்.

சின்யோர் ஒரு பழைய படத்தை எடுத்துவர உள்ளே போனார். இயன் உடனே என் பக்கம் திரும்பினான். குடும்பம் பெயரையும் கொப்பியையும் ஒரு பெரிய கம்பனிக்கு விற்றுவிட்டது, வருஷக் கடைசியோடு இந்த ஏஜென்சியும் முடிகிறது என்றான். அதைச் சொல்லத்தான் வந்தானாம். இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லையாம். தான் போனபிறகு என்னைச் சொல்லச் சொன்னான்.

கோப்பி எடுக்கிற சாட்டில் குசினிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எங்கள் இருவரின் பெர்மெஸ்ஸோவையும், அதாவது வதிவிட அனுமதியையும், புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சின்யோர் கையெழுத்திட்ட வேலைக் கடிதம் தேவை. ஏஜென்சி போனால் இந்த வீட்டில் இரண்டு வேலைக்காரர் எதற்கு?

ஜெயராணியிடம் எல்லாம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

"அவர் கேட்டால்?"

"வெயிலைப் பற்றிக் கதைச்சவன் எண்டு சொல்லுங்கோ. எனக்கும் அவர் பாவம்தான். ஆனால் கடிதம் கைக்கு வரட்டும்."

அவள் சொன்னதில் பிழையில்லை. கோப்பையோடு திரும்பி வரும்வரை நானும் வெயிலைத்தான் மனதுக்குள் இத்தாலியனில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

சின்யோர் படத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் இத்தாலியனில் சொன்னவையெல்லாம் என் நினைவில் எங்கடை தமிழாகவே கிடக்கின்றன.

"நான் உள்ளை போன நேரம் இவன் உன்னட்டை என்ன கதைச்சவன்?"

இயன் மேசைத் துணியைப் பார்த்தான். குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. சின்யோரின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு வெயிலைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"வித்துப்போட்டினமாம், சின்யோர். எல்லாத்தையும்."

அவர் கையிலிருந்த படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, இயனும் கையெழுத்துப் போட்டானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஓம், கடைசி ஆளாக, என்றான் அவன்.

"காலமை வரைக்கும் இவன் இந்த வீட்டுப் பிள்ளை. இப்ப விருந்தாளி. சாப்பிடச் சொல்லு."

இயனிடம், "சாப்பிடச் சொல்லுறார்" என்று மட்டும் சொன்னேன். முதல் பாதியை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் சின்யோர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜெயராணி என்னோடு கதைக்கவில்லை. வெள்ளி விடிய, நான் வெறுங்கையோடு சப்பாத்துப் போடும்போது அவர் கோட்டோடு வந்து கதவடியில் நின்றார். கடிதம் அவர் பையில் இருந்தது. எழுபது வயது மனிதர், குவெஸ்தூரா வரிசையில் எங்களோடு நாலு மணித்தியாலம் நின்றார்.

ஏஜென்சி அந்த வருஷத்தோடு முடிந்தது. எங்களை அதற்குப் பிறகும் மூன்று வருஷம், அவர் கண்மூடும்வரை, வைத்திருந்தார். அவருடைய மனைவி, சின்யோரா, இத்தாலியின் வடக்கே மகளிடம் போய்விட்டா. நாங்கள் பலெர்மோவிலேயே ஒரேத்தோப் பக்கம் குடிவந்தோம். சின்யோரின் வீட்டை இப்போது உல்லாசப் பயணிகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். போத்தலைக் கண்ட அன்றைக்கு மீன்பையோடு அந்த வீட்டுத் தெருவால் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் அழைப்பு மணிகள் ஏழு. ஒன்றிலும் பெயரில்லை, எண்கள்தான்.