களிமண்ணில் வந்த கை

எனக்குத் துவக்கு என்றாலே பிடிக்காது. ஆனாலும் அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஒரே மகன், சுடும் போட்டிக்கு வைத்திருக்கும் எவர்சில்வர் ரிவோல்வருக்கு, மரவேலை தெரிந்த என்னிடம் மரப்பிடி செய்து தரச் சொன்னபோது மறுக்க மனம் வரவில்லை. அவன் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பல வருடமாகிறது.

“இந்த நாட்டுச் சட்டப்படி துவக்கு இஞ்ச வர ஏலாது தம்பி. பழைய பிடியில களிமண்ணை அப்பி, இறுக்கிப் பிடிச்சுப்போட்டு, கழட்டி அனுப்பு. உன்ர கைக்கு அளவாச் செதுக்குறன்” என்றேன்.

பார்சல் வந்தது. காய்ந்த களிமண்ணில் அவன் விரல்கள் பதிந்திருந்தன. மனைவி தன் விரல்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, சின்ன விரல் இன்னும் கோணல்தான்.”

சிறுவயதில் கதவில் நசுங்கிய விரல் அது.

வால்நட் மரத்தில் பிடியைச் செய்து அனுப்பினேன்.

“அந்தமாதிரிப் பொருந்துதப்பா!” என்றான் போனில்.

“எப்ப வாறாய்?”

“பாப்பம்.”

பிறகு பார்த்தால், களிமண் அச்சு சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் இருந்தது.

“துவக்குச் சாமானை இஞ்சயே வைக்கிறது?” என்று மனைவியை ஏசினேன்.

“துவக்கோ? அது என்ர பிள்ளையின்ர கை.”

அச்சை எடுக்கப் போன நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் திருநீறு பூசியதும் என் விரல்களும் அந்தக் குழிகளுக்குள் போய்விடுகின்றன. முருகனிடம் வேறொன்றும் கேட்பதில்லை. அந்தக் கையை நேரில் ஒருமுறை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.