சூசை எனக்கு என்ன வேணும்

தொழிற்சாலை கேட்டுக்கு வீட்டுக்கார ஜமீலாம்மா போன் செய்தபோது நான் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று எக்ஸ்ரே பிலிம் ஒன்றை விளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, சூசை இன்னும் வரல. போலீஸ்காரங்க வந்திருக்காங்க. நீ சட்டுனு வா" என்றார். பௌர்ணமிக்கு மறுநாள் அது. முதல் பஸ்ஸில் திரும்பிவிடுகிறவன் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று பஸ் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மன்னார்புரம் வீட்டில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்ட உங்களுக்காக இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று தொடங்கிப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த சூசைராஜ், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருவெள்ளறைக் காட்டுக்குப் போய் ஓநாயாக மாறுகிறவன். அவனும் நானும் அந்த மாடி அறையில் புருஷனும் பெண்டாட்டியும் வாழ்கிற மாதிரி வாழ்ந்தோம். இரண்டும் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் வெளியே சொல்ல முடியாது என்பதும் தெரியும். எழுத்திலாவது இருக்கட்டும்.

அவன் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். மீசை அரும்பிய வயதில் சூசைக்கு அது வந்தது. அதன் பிறகு அவன் சந்தைக்குள் காலை வைத்தால் போதும், மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அப்பா அதே கயிற்றால் அவனைக் கட்டிவைத்து அடித்தார். கடைசியில், "உன்னால மாடெல்லாம் மிரளுது, எங்கயாவது போயிடு" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் திருச்சிக்கு வந்தான்.

நான், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் கிளம்பி அந்த மாடிக்கு வந்தவன். ஒரே அறையில் இரண்டு பிரம்மச்சாரிகள். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு காலை முள்கம்பி கிழித்த முதுகோடு அவன் படியேறி வந்தான். ஜமீலாம்மா நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கே, எப்படி என்று எதுவும் கேட்காமல் தையல் போட்டார்.

"வலிக்குதா தம்பி?"

"பழகிடுச்சும்மா."

"பழகிடுச்சான்னு கேக்கல. வலிக்குதான்னு கேட்டேன்."

அவன் அழுதுவிட்டான். தோளைப் பிடித்துக்கொள்ள அம்மா என்னைக் கூப்பிட்டார். பிடித்தவன் அதற்குப் பிறகு விடவில்லை. அன்று பகலிலேயே எங்கள் இருவரிடமும் உண்மையைச் சொன்னான். அம்மா, "கறி வேகவச்சுத் திம்பியா, பச்சையாவா?" என்றார். அன்றுமுதல் பௌர்ணமிக்கு மறுநாள் கேலி நடக்கும். "நேத்து யாரு வீட்டு ஆடு?" "முயல்தாம்மா. திருவெள்ளறை ஆடெல்லாம் ரொம்ப உஷாரு."

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒருநாள் என்னைக் காட்டி அவனிடம், "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். என்ன உறவு என்றுதான் கேட்டார். சூசை சிரித்துக்கொண்டே, "என்ன வேணுமா? எனக்கு இவருதாங்க வேணும்" என்றான். அந்த அம்மாளும் சிரித்துவிட்டுப் போனார். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எனக்குப் பொறுமை கிடையாது. கோளாறு என்றால் சரிசெய்ய வேண்டும். திருவெள்ளறைக் காட்டுக்குப் போவது ஆபத்து, கொல்லையில் நானே ஒரு இரும்புக் கூண்டு வெல்டிங் செய்து தருகிறேன் என்று படம் வரைந்து காட்டினேன். அவன் படத்தை நன்றாகத்தான் பார்த்தான்.

"அப்பா கயித்தால கட்டினாரு. நீ கம்பியால கட்டுறேங்கற."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"பூட்டி வச்சா வெளிய ஓடத்தான் தோணும். நீ காத்துட்டிருக்கேன்னா திரும்பி வரத் தோணுது. எனக்கு அது போதும்."

நான் கூண்டு செய்யவில்லை.

துறையூர் சாலையில் லாரி அடித்தது. "குறுக்க வந்தது நாய்னுதான் நினைச்சேன். இறங்கிப் பாத்தா ஆளு" என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். உடம்பில் துணி இல்லாததால் குடிகாரன் என்று போலீஸ் முடிவுகட்டியது. பக்கத்துப் புதரில் அவன் கழற்றி வைத்திருந்த துணிப்பையில் முகவரி பார்த்துத்தான் வீடு தேடி வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் உடலை ரத்த சொந்தத்திடம்தான் தருவோம் என்றார்கள். "நான் அவனுக்கு அம்மாதான்" என்று ஜமீலாம்மா சொன்னார். கான்ஸ்டபிள் அவர் தலை முக்காட்டைப் பார்த்தார், சூசைராஜ் என்ற பெயரைப் பார்த்தார், போய் உட்காரச் சொன்னார்.

போலீஸ் சொல்லியனுப்பி, மாலையில் மணப்பாறையிலிருந்து சூசையின் அண்ணன் வந்தார். அவர் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அடித்து விரட்டிய ஊரிலேயே அவனைப் புதைப்பார்கள். எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

ரூம்மேட், சிநேகிதன் என்று சொல்ல வார்த்தைகள் இருந்தன. "எனக்கு அவன்தாங்க வேணும்" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "அவன் போனப்புறமும் சந்தையில மாடு மிரண்டுதான் தம்பி கிடந்துச்சு. அதுக்கு அவன் காரணமில்லன்னு அப்பாகிட்ட யாரும் சொல்லல" என்றார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு உடலை எங்களிடம் ஒப்படைத்தார்.

அவனை இங்கேயே அடக்கம் செய்தோம். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள்.

கூண்டு செய்திருந்தால் இன்று உயிரோடு இருப்பானா என்ற கணக்கை நான் தினமும் போடுகிறேன். இருப்பான் என்றுதான் விடை வருகிறது. கூண்டுக்குள் இருப்பவன் சூசையா என்பதற்கு விடை வருவதில்லை. அவனுடைய துணிமணிகளை ஜமீலாம்மா எடுத்து வைத்திருக்கிறார். என்னிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான். யாராவது கேட்டால் இனியும் அதையே சொல்வேன். வேணும்.