தம்பிக்கு ஞானத்தாய் யார்?

என் மகள் தன் தோழியின் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கப் போகிறாள். அதற்குக் கோயிலில் கேட்கும் அவளுடைய உறுதிப்பூசுதல் சான்றிதழைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். தம்பியின் ஞானஸ்நான மெழுகுவர்த்தி மணத்தது. அவனுடைய ஞானஸ்நான நாள் நினைவுக்கு வந்தது.

எழுபத்தொன்பதில், டில்லிக் கோயிலில், காலை பத்து இருபதுக்குப் பாதிரியார் கேட்டார்: "ஞானத்தாய் யாரு?"

அம்மா பக்கத்து வீட்டுக் கமலா மாமியைக் காட்டினாள். நிமோனியாவில் கிடந்த தம்பியை மடியை விட்டு இறக்காதவர் மாமிதான்.

"ஞானஸ்நானத்துக்கு அப்புறம் உறுதிப்பூசுதலும் வாங்கின கத்தோலிக்கர்தாம்மா நிக்கணும்."

மாமியின் முகம் சுருங்கியது. அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்த தன் அக்காவை அழைத்து வர அப்பா ஸ்கூட்டரில் பறந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அத்தை வந்தாள். அம்மாவைப் பார்க்கவே இல்லை. மாமியிடம் சொன்னாள்: "ஞானத்தாயா நான் நிக்கறேன். பிள்ளைய நீங்களே தூக்கிக்கோங்க, மாமி. என்கிட்ட வந்தா அழுவான்."