சங்கு குளித்தவர் கேட்ட கேள்வி

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே வந்த ஒருவர் சங்கு குளித்தவர். மூச்சிரைப்பு நோய் வந்ததால் கடலில் இறங்குவதை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அகன்ற மார்பு, உப்பில் வெளிறிய தலைமுடி. பெஞ்சில் காத்திருக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை அடக்குவார். சற்று நேரத்தில் இருமிவிடுவார். பிறகு மறுபடியும் அடக்குவார்.

அவருக்கு வயிற்றுப்போக்கும் நிற்காமல் இருந்தது. இரைப்புக்காரர்கள் சிலருக்குக் குடலின் உட்சுவரும் மாறுவதுண்டு என்று டாக்டர் சந்தேகப்பட்டு, குழாயை விழுங்கவைத்து அதன் வழியே குடலிலிருந்து துளி சதை எடுத்திருந்தார். தானும் அதைப் பார்க்க வேண்டும் என்று சங்கு குளித்தவர் கெஞ்சினார். மைக்ராஸ்கோப்பில் காட்டினேன்.

"கொடலுக்குள்ள விரல் விரலா நிக்க வேண்டியது, ஒங்களுக்குத் தேஞ்சு குட்டையாயிருக்கு அண்ணாச்சி."

வெகுநேரம் குனிந்தே இருந்தார். "கடலுக்கு அடியில பாசி இப்படித்தான் நிக்கும் தம்பி," என்றார். "இது திரும்ப வளருமா?"

"மருந்து சாப்பிட்டா வளரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"அப்ப மூச்சும் பழையபடி வருமா? ஒரே ஒரு தடவ அடித்தரையத் தொட்டுட்டு வந்தாப் போதும்."

டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். டாக்டரின் அறை அடுத்த கதவுதான். சங்கு குளித்தவர் அதைத் தாண்டி, கேட்காமலே வெயிலில் இறங்கிப் போனார்.