அண்ணன் வீட்டில் கை நனைத்த சனிக்கிழமை

என் மகள் எஸ்தரின் கல்யாணத்தைச் சபையில் வைத்தே நிறுத்துவேன் என்று சொன்னவர் வேறு யாருமில்லை. என் கூடப்பிறந்த அண்ணன் ஞானமுத்து.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. வைகையில் மணல் மட்டும் கிடந்த வருஷம். நாங்கள் ஆரப்பாளையத்தில் குடியிருந்தோம். அண்ணனுக்கு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தோட்டமும் வீடும். எஸ்தர் பிறந்த அன்றே, "இது எம் மகனுக்குத்தான்" என்று சொல்லி வைத்தவர் அவர். என் மகளுக்கோ அந்தப் பையன் மேல் கூடப்பிறந்த பாசம்தான் இருந்தது. அதனால் என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் வேறு இடம் பேசி முடித்துவிட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். "தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கது தெரியலையா மாப்ள? மூணாவது ஓலை வாசிக்கையில எந்திரிச்சு தடை சொல்றேனா இல்லையா பாரு. இனி ஒங்க வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்!"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். ஒருவர் எழுந்துவிட்டால் விசாரணை, ஊர்ப்பேச்சு, அவமானம். மாப்பிள்ளை வீட்டார் பொறுக்க மாட்டார்கள். எஸ்தர் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். "என்னாலதானம்மா" என்று அழுதாள்.

நான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அண்ணன் வாயைக் கட்டிப்போடும்" என்றுதான் ஜெபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். முதல் ஓலை போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மனசுக்கு மட்டும் சமாதானம் வரவில்லை. மூன்றாவது ஓலை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறில் வந்து விழுந்தது; பகையை மனசில் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக்கூடாது.

அதற்கு முந்தின சனிக்கிழமை காலை ஜெபிக்கும்போது அண்ணன் முகம் கண்முன் வந்தது. கோபப்பட்ட முகம் இல்லை. கத்திவிட்டுத் திரும்பிப் போகையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, அந்த முகம். "அவர் மனசை ஆற்றும் அப்பா" என்று வாய் தானாகச் சொன்னது. உடனே, 'எழுந்து நீ போ' என்று உள்ளே ஒரு ஏவுதல். அண்ணன் வீட்டுக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் கிணற்றடியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கு வந்த? அந்த ஆளு அனுப்புனாரா?"

"யாரும் அனுப்பல. பசிக்குதுண்ணே. சோறு போடச் சொல்லு."

"எம் வீட்டுச் சோறு ஒனக்கு எறங்குமா?"

"நாளைக்கு திருவிருந்து. ஒன் வீட்ல கை நனைக்காம அந்த அப்பத்தை நான் எப்படிண்ணே வாங்குவேன்? ஒன்னயக் கேக்காம முடிச்சது தப்புதான். எம் பிறந்த வீடு எனக்கு வேணும்."

அவர் எழுந்து வாசலுக்கு நடந்தார். அண்ணிதான் கண்ணீரோடு இலை போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அண்ணன் வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "போயிட்டு வாரேண்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "தடை சொல்ல மாட்டேன்னாரா?"

"நான் கேக்கல."

"அதைக் கேக்காம சோத்தை மட்டும் தின்னுட்டு வந்தியாக்கும்!" தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனையில் அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் போதகர் ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். அண்ணன் எழுந்தார். எஸ்தர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"தடை இல்லைங்கய்யா," என்றார் அண்ணன். "பிள்ளைக்குத் தாய்மாமன் நான். எனக்கு முழுச் சம்மதம். அதையும் சபைக்குச் சொல்லிருங்க."

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து நடைபாதை வழியே பின்னால் போனார். இவ்வளவு நாளும் அண்ணனை அந்த ஆள், இந்த ஆள் என்று பேசியவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க மச்சான்" என்றார். இருவரும் பக்கம் பக்கமாக முழங்காலிட்டுத் திருவிருந்து எடுத்தார்கள். அன்று மதியம் அண்ணன் எங்கள் வீட்டில் கை நனைத்தார். எஸ்தர்தான் பரிமாறினாள். அவளும் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அண்ணன் வாயைக் கட்டச் சொல்லிக் கேட்டேன். கர்த்தர் அதைத் திறந்து ஆசீர்வதிக்க வைத்தார். அவருக்கே ஸ்தோத்திரம். அதற்குப் பிறகு, எந்த வீட்டில் சண்டை என்று கேள்விப்பட்டாலும் ஜெபித்துவிட்டு அங்கே போய்விடுவேன். சில வீடுகளில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். திரும்பவும் போயிருக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கும். அவரை நம்பிப் புறப்படுங்கள். பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.