முழுவியளத்துக்கு ஆகாத சாரதி

என்னுடைய காரைப் பிடிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஏறுவதற்குப் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்குப் புறப்படும்போது முதலில் எதிர்ப்படுகிறவரை முழுவியளம் என்போம். சுமங்கலி வந்தால் போகிற காரியம் பலிக்கும். புருஷனை இழந்தவள் வந்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய், இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். நானோ புருஷனை இழந்தவள். காரின் சாரதியும் நான்தான். அவர்கள் என்னதான் செய்வார்கள்?

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைத் தண்ணீர்க் குடத்தோடு காருக்கு முன்னால் குறுக்கே நடக்கவிட்டு, அவளை முழுவியளமாக எடுத்துக்கொண்டு ஏறியவர்கள் உண்டு. பெண் பார்க்கப் புறப்பட்ட ஒருவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பின்கதவைத் தடவித் திறந்து ஏறினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளச்சைப் பட்டென்று விட்டேன். கார் குதித்த குதிப்பில் அவருடைய கண் தானாகவே திறந்துகொண்டது. அந்தச் சம்பந்தம் சரிவந்ததா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

என் கணவர் புத்தூர்ச் சந்தியில் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டியவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு நோகிறது என்றார். பொழுதுபட முன் போய்விட்டார். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த அன்றே அவருடைய தமையன் என்னிடம் கையை நீட்டினார்.

“பிள்ளை, கார்த் திறப்பைத் தா. நீ பொம்பிளை, உந்தக் காரை வைச்சு என்ன செய்யப்போறாய்?”

“ஓடப்போறன், அத்தான்.”

அவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். திறப்பு என் இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

வெங்காயம் கிண்டி முடிந்த எங்கள் தோட்டத்தில்தான் ஓட்டிப் பழகினேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை. வருஷக்கணக்காக அவருக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய கால்களைப் பார்த்திருக்கிறேன். அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. மூன்று மிதிகளுக்கு இரண்டு கால்கள் என்ற கணக்கே எனக்குப் பிடிபடவில்லை. கிளச்சை விட்டால் கார் துள்ளியது, விடாவிட்டால் எஞ்சின் கத்தியது. பக்கத்துக் காணிக்காரரின் கிடுகு வேலியை ஒருமுறை கதியால் கம்புகளோடு சாய்த்தேன். அவர் பேசிய பேச்சுக்கு நானும் பேசினேன். பிறகு இருவருமாக வேலியைக் கட்டினோம்.

அது நல்ல கார் என்று நான் சொல்லமாட்டேன். வயதுபோன கார், வயதுபோன குணம். இரண்டாவது கியரில் போட்டால் தடி தானாகவே கழன்று நடுவுக்கு வந்துவிடும். அதற்காக அவர் சைக்கிள் ரியூப்பில் ஒரு வார் வெட்டி, கியர்த் தடியை ஆசனத்தின் காலோடு இழுத்துக் கொழுவி வைத்திருந்தார். மூன்றாவதுக்கு மாற்றும்போது வாரைக் கழற்ற வேண்டும், இரண்டாவதுக்கு இறங்கும்போது கொழுவ வேண்டும். பிறேக்கை இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கும். முதல் மிதி காருக்குச் சொல்லிவைக்க, அடுத்தது நிறுத்த.

இவ்வளவும் பெற்றோல் இருந்த காலத்துக் குணங்கள். சண்டையில் பாதை பூட்டி, பெற்றோலும் வராமல் போன பிறகு எல்லாரையும் போல நானும் மண்ணெண்ணெயில் ஓட்டினேன். இருமல் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பேன். அதில் சில துளிகளைக் காபரேற்றரின் வாய்க்குள் விட்டு எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு எஞ்சினை நிற்க விடவே கூடாது. சந்தியில் நிற்கும்போது ஒரே பாதத்தின் குதியால் பிறேக்கையும் விரல்களால் அக்சிலேற்றரையும் மிதித்துக்கொண்டிருப்பேன். நின்றுவிட்டால் தொலைந்தோம். பற்றறிக்கு பிளக்கில் பொறி வரவைக்கும் தெம்பு மட்டும்தான் இருந்தது. ஸ்ராட்டரைச் சுழற்றும் தெம்பு இல்லை. கையால் சுற்றிக் கிளப்பும் இரும்புத் தடியின் பல் எப்போதோ தேய்ந்துபோயிற்று. ஆகவே தள்ள வேண்டும்.

மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட கார்களைச் சரிவில் நிறுத்தி வைப்பார்களாம். எங்களுக்குச் சரிவுக்கு எங்கே போவது? குடாநாடு முழுக்கத் தட்டையாகத்தான் கிடக்கிறது. தள்ள ஆள் தேடி அலைந்து அலுத்துப்போய், கடைசியில் என் வீட்டு வளவுக்குள்ளேயே கல்லும் மண்ணும் கொட்டி, இடித்து இறுக்கி ஒரு மேடு கட்டினேன். கொண்டுவந்ததும் காரின் மூக்குக் கேற்றைப் பார்க்கத் திருப்பி, பின்பக்கமாக அதன்மேல் ஏற்றி, சில்லுக்குக் கல் வைத்துவிடுவேன். காலையில் கல்லை எடுத்து, இரண்டாவது கியரில் உருளவிட்டு, கேற்றடிக்கு வர முன் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

“யாழ்ப்பாணத்திலை மலை கட்டுறா,” என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொல்லட்டும். அந்த மலையிலிருந்து உருண்ட காரில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது, மகள் படித்தாள்.

மகளுக்கு உடுவிலில் சம்பந்தம் பேசி முடிந்தது. நல்ல பெடியன், எனக்கும் பிடித்திருந்தது. கோயிலில் தாலிகட்டு, காலை முகூர்த்தம். பெண்ணைக் கொண்டுபோகக் கார் வேண்டும். அப்போது ஓடக்கூடிய நிலையில் அயலில் இருந்தது என் கார் ஒன்றுதான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மாப்பிள்ளையின் தாயிடமிருந்து சொல் வந்தது: பெண்ணின் தாய் முன்னுக்கு வராமல் இருந்தால் நல்லது. இதை என்னிடம் சொல்ல அத்தானுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கன்னிகாதானம் அவரும் மனைவியும் செய்துகொடுப்பார்களாம், காரை அவரே ஓட்டுவாராம். மகளுக்குப் பெரியப்பா அல்லவா? உழவு மெஷின் ஓட்டிய கைக்குக் கார் எம்மாத்திரம் என்றார்.

முதல் நாள் மாலை ஒத்திகை பார்த்தார். மேட்டிலிருந்து உருண்டது, பிடித்தது, இரண்டு குதி குதித்தது, கேற்றுக்கு நடுவில் போய் நின்றது. வெளியே குறுகிய ஒழுங்கை, எதிரே மதில். தள்ளி ஓடவைக்க இடமில்லை. மறுபடி கிளப்புவதானால் பின்னால் தள்ளி மேட்டில் ஏற்றியாக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, நாளைக்குப் பொம்பிளை உள்ளுக்கை இருக்கேக்கை இப்பிடி நிண்டா? கலியாணத்துக்கு வெளிக்கிட்ட பொம்பிளை திரும்பி வளவுக்கை வாறதே?”

நியாயமாகப் பார்த்தால் அது அவருடைய பிழையில்லை. அந்தக் கார் புதிய காலைக் கண்டால் அப்படித்தான் செய்யும். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் முற்றத்தில் கூடி நின்று, திரும்பி வரும் பெண், முன்னால் இருக்கும் கைம்பெண் என்ற இரண்டு அபசகுனங்களையும் நிறுத்துப் பார்த்தார்கள். நான் சற்றுக் குறைந்த அபசகுனம் என்று தீர்ப்பாயிற்று.

“சரி பிள்ளை, நீயே ஓடு,” என்றார் அத்தான். “ஆனா கோயிலடியிலை இறங்கக் கூடாது. எஞ்சினை நிப்பாட்டாமல் காரிலையே இரு. நிண்டால் பிறகு ஸ்ராட் வராதெல்லே? எல்லாருக்கும் கரைச்சல்.”

நான் எதிர்த்துப் பேசத்தான் வாயெடுத்தேன். மகள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

“அம்மா, ஒரு நாள்தானே. கொஞ்சம் பொறுங்கோ. நாளைக்கு எனக்கு ஏதும் ஒண்டெண்டால், உங்கடை தலையிலைதான் போடுவினம்.”

அவள் தனக்காகப் பயந்தாளா, எனக்காகப் பயந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் சொன்னது எனக்குச் சுடவில்லை, இது சுட்டது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் முன் ஆசனத்தில் என் பக்கத்தில் அத்தானின் மனைவியை ஏற்றினார்கள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. என் கெடுதலை அவருடைய நல்லது மறைத்துவிடும் என்று எண்ணம். இரண்டாவது கியருக்கு இறங்கும்போதெல்லாம் வாரைக் கொழுவ நான் குனிய, அவர் தன் பட்டுச்சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முருகா, முருகா என்றார். உடுவிலுக்குப் போய்ச் சேரும்வரை எஞ்சின் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

கோயில் வாசலில் மகளை இறக்கி அழைத்துப் போனார்கள். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னை மேற்கு வீதியில் வேப்பமரத்துக்குக் கீழே காரை விடச் சொன்னார்கள். விட்டேன். வலது காலால் அக்சிலேற்றரை மெல்ல அழுத்தியபடி இருந்தேன். கார் இருமிக்கொண்டும் கறுப்புப் புகை கக்கிக்கொண்டும் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. ஐயரின் மந்திரமும் விட்டுவிட்டுக் கேட்டது.

விளக்கெரிக்க ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காகச் சனம் வரிசையில் நின்ற காலம் அது. அந்த மண்ணெண்ணெய், என்னை வெளியே இருத்தி வைப்பதற்காக அங்கே சும்மா எரிந்துகொண்டிருந்தது. நான் பெற்ற பிள்ளைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் தாலி ஏறப்போகிறது; நான் இந்தப் பக்கம் ஒரு எஞ்சினுக்குக் காவல் இருக்கிறேன். அவளை வளர்த்தது நான். இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்ததும் நான். வழி முழுக்க ஆகிய நான் வாசலில் ஆகாமல் போனேனா? யாருக்குப் பயந்து இருக்கிறேன் என்று என்னையே கேட்டேன். மகளுக்குக் கொடுத்த சொல் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லைவிட அவள் திரும்பிப் பார்த்த பார்வை பெரிதாகப் பட்டது.

திறப்பைத் திருகினேன். எஞ்சின் ஒரு குலுங்குக் குலுங்கி நின்றது.

சேலையை உதறி நேராக்கிக்கொண்டு முன்வாசலால் உள்ளே போனேன். ஆட்கள் விலகினார்களா, நான் விலக்கினேனா என்று நினைவில்லை. மணவறைக்கு முன்னால், மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் பார்த்தேன். கெட்டிமேளம் முழங்கியது. அறுகரிசித் தட்டிலிருந்து அட்சதையைக் கை நிறைய அள்ளி என் பிள்ளையின் தலையில் போட்டேன். அவள் நிமிர்ந்து என்னைக் கண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

அத்தான் என் காதருகே வந்தார். “இஞ்சை என்ன செய்யிறாய்? எஞ்சின்?”

“நிப்பாட்டிப்போட்டன்.”

“நிப்பாட்டினால் பிறகு எப்பிடிப் போறது?”

“தள்ளுங்கோ,” என்றேன்.

தள்ளினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல நேரத்தில் போய்ச் சேர வேண்டும்; வேறு கார் இல்லை; உடுவிலிலும் சரிவு இல்லை. காபரேற்றருக்குள் கடைசித் துளி பெற்றோலை விட்டுவிட்டு நான் சாரதி ஆசனத்தில் ஏறினேன். பின்னால் மகள் கூறைச்சேலையோடு இருந்தாள். மாப்பிள்ளை மற்றவர்கள் தடுக்கத் தடுக்க இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கை வைத்தார். அத்தான் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு பக்கம், தாய்மாமன்மார், நாதஸ்வரக்காரரின் ஆட்கள். மாப்பிள்ளையின் தாய் சால்வைகளையும் தலைப்பாகையையும் இரு கைகளிலும் வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். இரண்டாவது கியரில் போட்டு, வாரைக் கொழுவி, கிளச்சை மிதித்தேன். கார் அசைந்து வேகம் எடுத்தது. கிளச்சை விட்டால் உடனே பிடிக்கும் என்று என் காலுக்குத் தெரிந்தது. அந்தச் சத்தத்தோடு வளர்ந்த மகளுக்கும் தெரிந்தது.

அவள் முன்னுக்குச் சாய்ந்து என் தோளில் கைவைத்தாள்.

“இப்ப விடாதேங்கோ அம்மா,” என்றாள். “இன்னும் கொஞ்சம் தள்ளட்டும்.”

நான் காலை எடுக்கவில்லை.